அக்ரிலிக் பார்ஷியல் வாயில் உட்கார மறுக்கிறது: எங்கே போய்ப் பார்ப்பது?

கொங்கு_லேப்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கிளினிக்கிலிருந்து மேல் தாடைப் பார்ஷியல் (சில பற்கள் மட்டும் கட்டிய, கழற்றி மாட்டும் அக்ரிலிக் தட்டு) ஒன்று மறுபடி செய்யச் சொல்லி வந்திருக்கிறது. முதலில் செய்தது வேறு லேப். முன்னால் 12, 11, 21, 22 ஆகிய நான்கு பல், வலது பக்கம் 15 (முதல் இலக்கம் 1 என்றால் மேல் வலது, 2 என்றால் மேல் இடது; அடுத்தது நடுவிலிருந்து எத்தனையாவது பல்). கொக்கி 16-லும் 26-லும். இரண்டும் சி கிளாஸ்ப் (பல்லைச் சுற்றிப் பிடிக்கும் சி வடிவக் கொக்கி), 19 கேஜ் கம்பி.

தட்டு அண்ணத்தோடு ஒட்டவில்லை, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 26 கொக்கி பல்லைத் தொடவே இல்லை. முன் பல் கடிக்கும்போது இடிக்கிறது. உட்கார வைப்பதற்காக டாக்டர் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறார். இப்போது 14-க்கும் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இடைவெளி. நோயாளிக்குச் சோறு போய் அடைகிறதாம்.

பழைய தட்டும் என் கையில் இருக்கிறது, புதிதாக எடுத்த அளவில் (வாயின் அச்சில்) ஊற்றிய மாடலும் இருக்கிறது. முதலில் செய்த லேப்காரர் "மாடலில் சரியாக இருந்தது" என்று சொன்னதாக டாக்டர் சொன்னார். மறுபடி செய்வதற்கு முன்னால் காரணம் தெரிய வேண்டும். இல்லையென்றால் அதே வேலையை அதே மாதிரி செய்து கொடுப்பேன். எங்கே ஆரம்பித்துப் பார்க்கலாம்?

மெழுகுக்கத்தி

தம்பி, "மாடலில் சரியாக இருந்தது" என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். அக்ரிலிக் வெந்தது அந்த மாடல் மேலேயேதான், அதில் சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? வேக வைக்கிற இரும்புப் பெட்டியான ஃபிளாஸ்கைத் திறந்து பிளாஸ்டரை உடைத்து எடுக்கும்போது மாடலும் உடைந்துவிடுகிறது. தட்டு அந்த மாடலைவிட்டு ஒரே துண்டாகக் கழன்று வந்து மறுபடி ஏறுமா என்று யாரும் பார்ப்பதில்லை. வாயில் பல் உடையாது. அதனால்தான் அங்கே போய் மாட்டிக்கொள்கிறது.

நான் முதலில் சந்தேகப்படுவது பிளாக் அவுட், அதாவது மாடலில் பல்லின் குழிவான இடத்தை முன்கூட்டியே மூடுவது. 14-க்கும் 16-க்கும் நடுவில் ஒரு பல் கட்டியிருக்கிறார்கள். 14-ன் பின்பக்கமும் 16-ன் முன்பக்கமும் ஈறு ஓரத்தில் உள்வாங்கி இருக்கும், 16 முன்னால் சாய்ந்திருந்தால் இன்னும் அதிகம். அந்தக் குழிவை மூடாமல் மெழுகு கட்டினால் மெழுகு அதற்குள் போகும், அப்புறம் அக்ரிலிக்கும் போகும். அது கெட்டிப் பொருள், கம்பி மாதிரி வளைந்து கொடுக்காது. பல்லின் அகலமான இடத்தைத் தாண்டி எப்படி இறங்கும்? டாக்டர் தேய்க்கத்தான் வேண்டும். எந்த இடம் பிடிக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் தேவைக்கு மேல் தேய்ந்துபோகும். நீங்கள் சொல்கிற வெளிச்சம் அங்கேதான் வந்திருக்கும்.

முன்பக்கப் பற்களின் உள்பக்கமும் அப்படித்தான். 13-லும் 23-லும் தட்டு எங்கே தொடுகிறது என்று பாருங்கள்.

சர்வேயர் (பல்லின் அகலமான இடத்தைக் குறிக்கும் கருவி) இல்லாத லேப் நம் ஊரில் நிறைய. வாங்கிவிடுங்கள். கோபால்ட் குரோம் ஃபிரேமுக்கு மட்டும்தான் அது என்று நினைத்து அக்ரிலிக்குக் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அக்ரிலிக்குத்தான் அது அதிகம் தேவை என்பேன். மெட்டல் ஃபிரேமில் பல்லைத் தொடுகிற பரப்பு குறைவு, இதில் தட்டே பல்லோடு போய் ஒட்டுகிறது. மாடலைச் சர்வேயரின் மேடையில் வைத்து, எந்தத் திசையில் ஏறி இறங்கப் போகிறது என்று முடிவு செய்து, கார்பன் குச்சியால் ஒவ்வொரு தாங்கு பல்லையும் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே தட்டு தொடுகிற இடமெல்லாம் மூட வேண்டும். வெளிப்பக்கம் கொக்கியின் நுனி போகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பிடிப்பு அங்கேதான்.

மாணவி_மெக்கானிக்

அண்ணா, டிப்ளமோ முதல் வருடம் படிக்கிறேன். குழிவை மெழுகு வைத்து மூடினால் போதாதா? எங்கள் செய்முறை வகுப்பில் ஒருவர் அப்படித்தான் செய்தார்.

மெழுகுக்கத்தி

டீவாக்ஸ் (கொதிநீரால் மெழுகை நீக்குவது) செய்யும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். கொதிநீர் ஊற்றும்போது தட்டு மெழுகோடு சேர்ந்து அந்த மெழுகும் போய்விடும், குழிவு மறுபடி திறந்துகொள்ளும். மெழுகால் மூடுவதென்றால் மூடிய பிறகு மாடலை டூப்ளிகேட் எடுத்து அதில் வேலை செய்ய வேண்டும். அக்ரிலிக் வேலைக்குப் பிளாஸ்டர் போதும். மாடலைத் தண்ணீரில் ஊறப் போட்டு, பிளாஸ்டரைத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் வைத்து, இறுகும் நேரத்தில் சர்வேயரின் சீவும் கத்தியால் நேராகச் சீவுங்கள். காய்ந்த மாடலில் வைத்தால் பிளாஸ்டர் பிடிக்காமல் உதிரும்.

ஊறப் போடும் தண்ணீர் வெறும் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. ஸ்டோன் (மாடல் ஊற்றுகிற கெட்டிப் பிளாஸ்டர்) துண்டுகள் கிடந்து தெளிந்த தண்ணீராக இருக்கட்டும். வெறும் தண்ணீர் மாடலின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும்.

பல்டாக்டர்_தஞ்சை

லேப் பக்கம் பேசுவதற்கு முன்னால் எங்கள் பக்கம் நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். கொங்கு லேப், அந்த முதல் மாடலை ஊற்றியது யார்? கிளினிக்கா, லேப்பா?

பல ஊர்களில் அல்ஜினேட் (வாயில் அச்சு எடுக்கும் பொருள்) அளவை ஈரப் பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து லேப் பையன் பஸ் நிலையத்தில் போய் எடுக்கிறான். அல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர். திறந்து கிடந்தால் தண்ணீரை விட்டுச் சுருங்கும், ஈரப் பஞ்சு ஒட்டிய இடத்தில் தண்ணீரைக் குடித்து உப்பும். ஒரே அளவுக்குள் ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் உப்பினால் அந்த மாடலில் எவ்வளவு நல்ல கைவேலை செய்தாலும் வாயில் உட்காராது. எடுத்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் ஊற்றிவிட வேண்டும். கிளினிக்கிலேயே ஊற்றி மாடலாக அனுப்புவதுதான் சரி. 100 கிராம் ஸ்டோனுக்கு 28 முதல் 30 மில்லி தண்ணீர். அளந்து கலக்கச் சொன்னால் உதவியாளர் அழகாகச் செய்துவிடுவார். கையளவில் ஊற்றினால் தண்ணீர் கூடி மாடல் பொடிந்துபோகும், கொக்கி வளைக்கும்போதே பல் தேய்ந்துவிடும்.

கொங்கு_லேப்

நன்றி மேடம். பழைய மாடலை யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை. இந்த முறை அவர்கள் கிளினிக்கிலேயே ஊற்றி ஸ்டோன் மாடலாக அனுப்பியிருக்கிறார்கள்.

பிரஸ்காரர்

எல்லாவற்றையும் பிளாக் அவுட் தலையில் போட வேண்டாம். புகாரை மறுபடி படியுங்கள்: கொக்கி பல்லைத் தொடவில்லை, முன் பல் இடிக்கிறது. அண்டர்கட்டில், அதாவது அந்தக் குழிவில், தட்டு மாட்டினால் மொத்தமும் சேர்ந்து மேலே நிற்கும், சரி. டாக்டர் தேய்த்து இறக்கிய பிறகும் கொக்கி விலகியே இருந்தது என்றால் கொக்கி தட்டிலேயே இடம் மாறியிருக்கிறது. அது ஃபிளாஸ்கில் நடப்பது. மாவு (பவுடரும் லிக்விடும் கலந்த, வேகாத அக்ரிலிக்) அதிகமாகி, டிரயல் குளோஷர் (ஃபிளாஸ்கை அழுத்தித் திறந்து பிதுங்கியதை வெட்டுவது) ஒழுங்காகச் செய்யாமல் க்ளாம்ப் போட்டிருப்பார்கள்.

நான் எப்போதும் கவுண்டர் முறைதான். கொக்கி இருக்கிற ஸ்டோன் பல்லை வெட்டிவிட்டு, பல்லும் கொக்கியும் மேல் ஃபிளாஸ்கோடு வருகிற மாதிரி போடுவேன். டீவாக்ஸ் ஆனதும் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், மெழுகு மிச்சம் இருந்தால் துடைக்கலாம், பல்லின் அடியில் மாவு நன்றாகப் போகும். ஈரமான பாலித்தீன் தாள் வைத்து இரண்டு மூன்று முறை பிரஸ்ஸில் அழுத்தி, ஒவ்வொரு முறையும் பிதுங்கியதை வெட்டி, கடைசியில் ஃபிளாஸ்கின் இரும்பு விளிம்பு இரண்டும் தொட வேண்டும். அது தொட்டால் எதுவும் நகராது.

யாழ்_டெக்னீஷியன்

பிரஸ்காரர் அண்ணை சொல்கிற கவனம் எல்லாருக்கும் வராது. அங்கேதான் பிரச்சினை. கவுண்டர் முறையில் மாடல் கீழே, பல்லும் கொக்கியும் மேலே. இரண்டு பகுதிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அக்ரிலிக் நின்றுவிட்டால் பல்லும் கொக்கியும் அந்த அரை மில்லிமீட்டர் மாடலை விட்டு விலகியே வேகும். முழுப் பல்தொகுதி என்றால் கடி கொஞ்சம் உயர்ந்தது என்று தேய்த்துச் சமாளிக்கலாம். பார்ஷியலில் இயற்கைப் பல் பக்கத்திலேயே நிற்கிறது. கொக்கி அந்தப் பல்லுக்கென்று வளைத்தது, அரை மில்லிமீட்டர் விலகினால் அதற்கு வேலையே இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் பழகியது ஹூட் முறை. மாடல், கட்டின பல், கொக்கி மூன்றையும் கீழ் ஃபிளாஸ்கிலேயே வைத்து, பல்லின் வெளிப்பக்கமும் கடிக்கும் பக்கமும் கொக்கியும் மறையும்படி பிளாஸ்டரால் மூடிவிடுவோம். அண்ணப் பக்கத்து மெழுகு மட்டும் திறந்திருக்கும். மேல் ஃபிளாஸ்கில் அந்த அண்ணத் தட்டின் வெளிப்புற அச்சு மட்டும். இப்போது மாவு கூடினாலும், பிரஸ் சரியாக மூடாவிட்டாலும், தட்டுக் கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். பல்லுக்கும் கொக்கிக்கும் மாடலுக்கும் உள்ள உறவு மாறாது.

மூடுகிற பிளாஸ்டரை உள்ளே சரிவாகச் சீவ வேண்டும். உள்பக்கம் குழிவு விட்டால் மேல் ஃபிளாஸ்கைத் திறக்கும்போது ஹூட் உடைந்து கொக்கியோடு வந்துவிடும்.

பிரஸ்காரர்

ஹூட்டில் முன்பக்க ஈறு மடிப்பு (ஈற்றின் வெளிப்பக்கத்தை மூடும் அக்ரிலிக் ஓரம்) இருந்தால் என்ன செய்வீர்கள்? வெளிப்பக்கம் அக்ரிலிக் ஓட வேண்டும், ஆனால் அங்கே நீங்கள் பிளாஸ்டரால் மூடியிருக்கிறீர்கள். உள்ளே மெழுகு நின்றதா போனதா என்று பார்க்கக்கூட முடியாது. பல்லின் அடியில் மெழுகுப் படலம் இருந்தால் பல் பிடிக்காது, சாப்பிடும்போது கழன்று கையில் வரும். அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாழ்_டெக்னீஷியன்

ஒத்துக்கொள்கிறேன், அது ஹூட்டின் உண்மையான குறை. முன்பக்க மடிப்புப் பெரிதாக இருக்கிற கேஸில் கலப்பாகச் செய்யலாம்: கொக்கிப் பக்கம் ஹூட், முன் பற்கள் மட்டும் மேல் ஃபிளாஸ்கில். அப்போது முன் பற்களுக்கு நீங்கள் சொன்ன டிரயல் குளோஷர் கவனம் கட்டாயம். கொங்குவின் கேஸில் முன் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எலும்பு நிறைவாக இருந்தால் மடிப்பே இல்லாமல் பல்லை ஈறு மேல் நேராக வைக்கலாம், பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

டீவாக்ஸுக்கு ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டால் மெழுகு இளகிவிடும், உருகி பிளாஸ்டருக்குள் இறங்காது. திறந்து, மெழுகை ஒரே துண்டாக எடுத்துவிட்டு, சோப்புத் தூள் கலந்த கொதிநீரால் ஒரு முறை, சுத்தமான கொதிநீரால் ஒரு முறை அடித்துக் கழுவுங்கள். ஹூட்டுக்குள் பல்லின் கழுத்துப் பக்கம் கரண்டியால் சாய்த்து ஊற்ற வேண்டும். சூடு இருக்கும்போதே சீல் (அக்ரிலிக் பிளாஸ்டரில் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசினால் பிளாஸ்டரில் பிடிக்கும். பல்லின் அடியிலும் கம்பியின் வாலிலும் சீல் படக் கூடாது.

கொங்கு_லேப்

பழைய தட்டைப் புது மாடலில் வைத்துப் பார்த்தேன். மாடல் தேயக் கூடாது என்று அதிலிருந்து டூப்ளிகேட் எடுத்து அதில்தான் வைத்தேன். தட்டின் உள்பக்கம் கார்பன் தாள் வைத்து அழுத்தினால் நான்கு இடத்தில் குறி விழுகிறது: 13-ன் உள்பக்கம், 23-ன் உள்பக்கம், 16-ன் முன்பக்கம் ஈறு ஓரம், 25-ன் உள்பக்கம். எல்லாமே சர்வே கோட்டுக்குக் கீழே. அந்த இடங்களைத் தேய்த்ததும் தட்டு அண்ணத்தில் ஒட்டியது.

ஆனால் ஒட்டிய பிறகும் இரண்டு கொக்கியும் பல்லை விட்டு விலகியே நின்றன, இரண்டும் ஒரே அளவில், கடிக்கும் பக்கமாக ஏறி. பிதுங்கலின் வேலைதான். அதாவது மெழுகுக்கத்தி அண்ணன் சொன்னதும் பிரஸ்காரர் சொன்னதும் ஒரே தட்டில் நடந்திருக்கிறது.

கம்பியின் வால் ஒரு பக்கம் தட்டின் அடிப்பரப்பிலேயே வெளியே தெரிகிறது.

மெழுகுக்கத்தி

வால் வெளியே தெரிந்தால் மெழுகு கட்டும்போதே கம்பி மாடலில் படுத்திருக்கிறது. வாலுக்கும் மாடலுக்கும் நடுவில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு வளைக்க வேண்டும். அப்போதுதான் அக்ரிலிக் இரண்டு பக்கமும் போய்க் கம்பியை நடுவில் பிடிக்கும். வாலின் முடிவை வளைத்து விடுங்கள், நேராக விட்டால் தட்டுக்குள்ளேயே சுழலும்.

கொக்கியில் தோள் பகுதி கோட்டுக்கு மேலே, கடைசி மூன்றில் ஒரு பங்கு மட்டும் கோட்டுக்குக் கீழே. 19 கேஜுக்கு நுனி அரை மில்லிமீட்டர் குழிவுக்குள் போனால் போதும். அதற்கு மேல் போனால் போடும்போதும் கழற்றும்போதும் பல்லை இழுக்கும், கம்பியும் சீக்கிரம் தளரும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்து வளைத்துப் பார்க்காதீர்கள். ஸ்டீல் அங்கே இறுகி, ஆறு மாதத்தில் அந்த இடத்தில்தான் உடையும். கொறடின் கூர் விளிம்பு போட்ட தழும்பும் அப்படியே.

மாணவி_மெக்கானிக்

வேக வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்களுக்கு 74 டிகிரி, 100 டிகிரி என்று இரண்டு கட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை பழகப் போன லேப்பில் கேஸ் அடுப்பில் பாத்திரம் வைத்து நேராகக் கொதிக்க விடுகிறார்கள்.

பிரஸ்காரர்

பாதி லேப்பில் அதுதான் நடைமுறை. பச்சைத் தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடேற்றினால் பார்ஷியலுக்கு ஒன்றும் ஆகாது. நான் ஓட்டை விழுந்து பார்த்ததில்லை.

மெழுகுக்கத்தி

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். அண்ணத் தட்டு இரண்டு மில்லிமீட்டர்தான், அதில் ஓட்டை தெரியாது. அதை வைத்து முறை சரி என்று முடிவு செய்யக் கூடாது. 15 இருக்கிற சேடிலை (பல்லைத் தாங்கி ஈறு மேல் உட்காரும் தடித்த பகுதி) குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

லிக்விட் கொதிப்பது ஏறக்குறைய 100.8 டிகிரியில். பவுடரில் இருக்கிற பென்சாயில் பெராக்சைடு 60 டிகிரி தாண்டியதும் வேலையை ஆரம்பிக்கும், அந்த வினையே வெப்பம் விடும். தடிப்பான இடத்தில் அந்த வெப்பம் பிளாஸ்டரைத் தாண்டி வெளியே போக முடியாது. வெளியே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தால் உள்ளே 100-ஐத் தாண்டும், லிக்விட் ஆவியாகிக் குமிழ் விடும். 74-ல் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பகுதி வினை அந்தச் சூட்டிலேயே முடிந்துவிடும். அப்புறம் 100-ல் ஒரு மணி நேரம் வைப்பது மிச்ச லிக்விடைக் குறைக்க. ராத்திரி வைத்துவிட்டுப் போவதென்றால் 74-லேயே எட்டு ஒன்பது மணி நேரம்.

அதைவிட முக்கியம் ஆறுவது. வெந்த உடனே குழாய்க்கு அடியில் காட்டுகிறார்கள். அக்ரிலிக்கும் பிளாஸ்டரும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அவசரமாகக் குளிரவைத்தால் தட்டு முறுக்கிக்கொள்ளும். அது வாயில் பின்பக்கம் தூக்குவதாகத் தெரியும். அரை மணி நேரமாவது வெளியில் ஆறட்டும், அப்புறம் தண்ணீர். நேரம் இருந்தால் அந்தப் பாத்திரத்திலேயே காலை வரை.

கொங்கு_லேப்

அவசரத்துக்கு கோல்டு கியூரில் (வேக வைக்காமலே இறுகும் அக்ரிலிக்) செய்து கொடுக்கலாமா என்றும் டாக்டர் கேட்டார்.

யாழ்_டெக்னீஷியன்

தற்காலிகத் தட்டுக்குச் சரி. சூடேற்றாததால் சுருக்கம் குறைவு, பொருத்தம் சில நேரம் வேக வைக்கும் ஹீட் கியூரைவிட நன்றாகவே வரும். ஆனால் மிச்ச லிக்விட் அதிகம். ஐ.எஸ்.ஓ. 20795-1 தரமே ஹீட் கியூருக்கு 2.2 சதவீதம், கோல்டு கியூருக்கு 4.5 சதவீதம் வரை என்று வைத்திருக்கிறது. ஈறு எரிச்சல் உள்ளவர்களுக்கு அது தெரியும். பலமும் குறைவு, நாளாக நிறமும் மாறும். வருடக்கணக்கில் போடப் போகிற தட்டென்றால் ஹீட் கியூர்தான்.

எதில் செய்தாலும் பாலிஷ் முடிந்ததும் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்துக் கொடுங்கள்.

பல்டாக்டர்_தஞ்சை

தட்டின் வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறுபடி செய்யும்போது இதை மாற்றினால் நோயாளிக்குப் பெரிய உதவி. 13, 23, 25 மூன்றிலும் தட்டு ஈறு ஓரத்தை மூடிக்கொண்டு போயிருக்கிறது என்று கார்பன் குறியிலிருந்தே தெரிகிறது. அக்ரிலிக் தட்டு ஈறு மேல் உட்காருவது, கடிக்கும்போது உள்ளே இறங்கும். ஓரத்தை மூடியிருந்தால் ஒவ்வொரு கடிக்கும் ஈற்றை நசுக்கும், அழுக்கும் சேரும். நல்ல பல்லின் ஈறு கீழிறங்கி, இரண்டு வருடத்தில் அந்தப் பல்லும் ஆடுகிறது என்று வருகிறார்கள். அவர்கள் பல் கட்டிக்கொள்ள வந்தது இருக்கிற பல்லை இழக்க அல்ல. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் செலவே இல்லாமல் தவிர்க்கலாம்.

நியூசிலாந்தின் பல் மருத்துவர் எவ்ரி 1949-ல் வெளியிட்ட மேல் தாடை வடிவத்தைப் பாருங்கள். தட்டு ஈறு ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று மில்லிமீட்டர் விலகி இருக்கும். செயற்கைப் பல் பக்கத்துப் பல்லைப் புள்ளியாகத்தான் தொடும், மற்ற இடமெல்லாம் திறந்து நாக்கும் எச்சிலும் கழுவுகிற மாதிரி. உங்கள் கேஸுக்கு அதை அப்படியே எடுக்க முடியாமல் போகலாம், 16-ல் கொக்கி வேண்டும், கொக்கிக்கு எதிரே உள்பக்கம் தட்டு தாங்க வேண்டும். ஆனால் 23 முதல் 25 வரை விலகிப் போகலாம். பிளாக் அவுட் செய்கிற வேலையும் பாதி குறையும்.

இன்னொன்று, 16-லும் 26-லும் கடிக்கும் பக்கத்தில் சின்னக் கம்பி ரெஸ்ட் (பல் மேல் உட்காரும் தாங்கி) வைக்க டாக்டரிடம் கேளுங்கள். பல்லில் கொஞ்சம் இடம் செதுக்கித் தர வேண்டும், அதை அவர்தான் செய்ய முடியும். ரெஸ்ட் இருந்தால் பின்பக்கம் தட்டு அமிழாது, கொக்கியும் கீழே வழுகாது.

மெழுகுக்கத்தி

மேடம் சொல்கிற மாதிரி ஆர்டர் சீட்டில் வரைந்து அனுப்புகிற டாக்டர்கள் குறைவு. "மேல் பார்ஷியல், ஷேடு ஏ2" என்று மட்டும் எழுதி வருகிறது. தட்டு எங்கே போக வேண்டும், கொக்கி எந்தப் பல்லில் என்பதை லேப்பில் இருப்பவர் முடிவு செய்கிறார், அவர் அந்த வாயைப் பார்த்ததே இல்லை. எந்தப் பல் ஆடுகிறது, எது நிற்கும் என்று மாடலில் தெரியாது. மாடலின் மேல் பென்சிலால் கோடு போட்டு அனுப்பினாலே போதும்.

பல்டாக்டர்_தஞ்சை

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். வடிவம் எங்கள் பொறுப்பு.

மாணவி_மெக்கானிக்

கடைசியாக ஒன்று கேட்கிறேன். லிக்விட் கலக்கும்போது கையில் பட்டு விரல் நுனி மரத்த மாதிரி ஆகிறது. கையுறை போட்டுத்தான் செய்கிறேன்.

யாழ்_டெக்னீஷியன்

தங்கச்சி, சாதாரண லேடெக்ஸ் கையுறையை லிக்விட் சில நிமிடங்களில் கடந்துவிடும். கையுறை இருக்கிறதென்ற நம்பிக்கையில் இன்னும் அதிக நேரம் தொட்டுக்கொண்டிருப்போம். மாவு பதம் வரும்வரை மூடி போட்ட ஜாடியிலேயே இருக்கட்டும். விரலால் எடுத்துப் பார்க்க வேண்டாம், கரண்டியால் எடுத்தால் நூல் இழுக்காமல் ஜாடிச் சுவரைவிட்டுப் பிரிய வேண்டும், அதுதான் பதம். ஃபிளாஸ்கில் வைக்கும்போதும் பாலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்துக் கையாளுங்கள். அலர்ஜி ஒரு தடவை வந்துவிட்டால் போகாது, இந்தத் தொழிலையே விட வேண்டி வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பியூமிஸ் (பாலிஷ் தூள்) போடும்போது ஈரமாகவே போடுங்கள், தூசு உறிஞ்சியும் முகமூடியும் வேண்டும்.

கொங்கு_லேப்

டாக்டரிடம் பேசி, 16, 26 இரண்டிலும் ரெஸ்டுக்கு இடம் செதுக்கச் சொல்லி, மறுபடி அளவு எடுக்க வைத்தேன். சர்வே செய்து பிளாஸ்டரில் பிளாக் அவுட், 23 முதல் 25 வரை ஈறு ஓரத்தை விட்டுத் தட்டு, முன்னால் மடிப்பு இல்லாமல் பல் கட்டி, முழு ஹூட் முறையில் ஃபிளாஸ்க். 74-ல் இரண்டு மணி, 100-ல் ஒரு மணி, காலை வரை ஆறவிட்டேன்.

நேற்று டாக்டர் போட்டுப் பார்த்தார். உள்பக்கம் ஒரே இடத்தில், 14-ன் பின்பக்கம், லேசாகத் தொட வேண்டியிருந்தது. மற்றபடி நேராக இறங்கியது. கடியில் முன் பற்கள் இடிக்கவில்லை. 26 கொக்கி மட்டும் கொஞ்சம் இறுக்கம், நோயாளி கழற்றச் சிரமப்படுகிறார். நான் போய்த் தளர்த்தலாமா, அவரே செய்யலாமா?

மெழுகுக்கத்தி

டாக்டரே செய்யட்டும், வாயில் போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நுனிப் பகுதியை மட்டும் கொறடில் பிடித்து இம்மியளவு வெளியே திருப்பச் சொல்லுங்கள். தோளில் கை வைக்க வேண்டாம். கம்பி தட்டுக்குள் நுழைகிற இடத்தைத் திருகினால் அக்ரிலிக்கில் விரிசல் விடும். அதோடு கொக்கி நுனியைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் தட்டின் விளிம்பைப் பிடித்து ஒரே நேரத்தில் இறக்கிக் கழற்ற நோயாளிக்குக் கண்ணாடி முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.